படிகாரம் காட்டும் முகம்

பிலிப்பைன்ஸ் நாட்டுக் கிராமங்களில் குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எங்கே போய் விளையாடினான்?" என்பதுதான். ஏதாவது புற்றை மிதித்திருப்பானோ என்று சந்தேகம். புற்றுக்குள் 'நூனோ' என்ற குள்ளக் கிழவர் குடியிருக்கிறார். மிதித்தவனுக்கு நோய் தருவார் என்பது நம்பிக்கை. அதனால்தான் அங்கே புதர் ஓரமாக நடக்கிறவர்கள் "தாபி தாபி போ" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குடித்தனக்காரர்களிடம் 'கொஞ்சம் வழி விடுங்க' என்று கேட்பது மாதிரி.

நூனோ மட்டும் என்றில்லை. புதிய ஆள் ஒருவர் குழந்தையைப் பார்த்து ரசித்ததால் வரும் 'உசோக்' இருக்கிறது. நம் கண்ணேறுக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். 'மங்குகூலம்' என்ற சூனியக்காரர் வைத்த செய்வினையாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடித்துச் சொல்பவர் 'அல்புலார்யோ', அதாவது நாட்டு வைத்தியர். மூலிகைக்காரரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ஒன்று நாக்கில் புரண்டு இப்படி ஆகியிருக்கிறது.

அவர் நோயறியும் முறைக்குப் பெயர் 'தாவாஸ்'. அந்தச் சொல்லுக்குப் படிகாரம் என்று பொருள். ஆமாம், நம் ஊரில் கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதே படிகாரம். ஜெபம் சொல்லியபடி அதை நோயாளியின் உடம்பில் தடவி, கனலும் கரியில் போடுவார். கட்டி உருகி, நுரைத்து, பொங்கி, வெள்ளையாக ஓர் உருவம் எழும். அதில் கிழவரோ பெண்ணோ விலங்கோ தெரிந்தால் அதுதான் நோய் தந்தவர். இப்போது பல இடங்களில் மெழுகுவத்தியை உருக்கித் தண்ணீரில் சொட்டவிட்டும் பார்க்கிறார்கள். பெயர் மட்டும் தாவாஸ் என்றே நின்றுவிட்டது.

கண்ணாடிக் கல் போலிருக்கும் படிகாரத்தின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் தண்ணீர். பொட்டாசியம், அலுமினியம், சல்பேட் சேர்ந்த அந்தப் படிகத்துக்குள் ஒவ்வொரு அலகுக்கும் 12 நீர் மூலக்கூறுகள் பூட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 92 டிகிரி செல்சியஸில் பூட்டு திறக்கிறது. படிகாரம் தன் சொந்தத் தண்ணீரிலேயே கரைந்து கூழாகிறது. சூடு ஏற ஏற அந்த நீர் கொதித்து ஆவியாகி, கூழைக் குமிழ் குமிழாக ஊதுகிறது. நீர் போனதும் ஊதிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. கட்டியில் எங்கே விரிசல், கனல் எந்தப் பக்கம் அதிகம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் உருவம் மாறும்.

அந்தக் கோணல் மாணலில் முகத்தைப் பார்ப்பது நம் மூளை. முகங்களை அடையாளம் காண்பதற்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டு குழியும் கீழே ஒரு கோடும் கிடைத்தால் போதும், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆவதற்குள் 'முகம்' என்று சொல்லிவிடும். யாருடைய முகம்? அதை முடிவு செய்வது பெரும்பாலும் அதற்கு முன் நடந்த பேச்சு. ஆற்றங்கரைக்குப் போனாயா, யாரோடு சண்டை என்று வைத்தியர் ஏற்கெனவே விசாரித்திருப்பார். இதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். வைத்தியருக்கும் அந்த முகம் உண்மையாகவே தெரிகிறது.

பிறகு புற்றருகே உணவு படைத்து மன்னிப்புக் கேட்பார்கள், மூலிகைக் கஷாயம் கொடுப்பார்கள். குழந்தைக்கும் சரியாகிவிடும். சாதாரண வைரஸ் காய்ச்சல் எப்படியும் சில நாளில் இறங்கக்கூடியது. வைத்தியரைத் தேடிப் போவது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது. அடுத்து அது இறங்கத்தானே வேண்டும்? பெயர் படையலுக்குப் போய்விடுகிறது.

எல்லாமே இப்படி என்று ஒதுக்கவும் முடியாது. இருமலுக்கு அவர்கள் தரும் 'லகுண்டி' இலை வேறெதுவுமில்லை, நம் நொச்சிதான். அந்நாட்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் 10 மூலிகைகளில் அது ஒன்று. இன்று மருந்துக் கடையில் சிரப்பாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. பாரம்பரிய மருத்துவத்துக்கென 1997-ல் தனிச் சட்டமே வந்தது.

எனக்குப் பயம் தருவது 'தாண்டோக்'. சொல்லுக்குக் கொம்பு என்று அர்த்தம். நாய் கடித்த இடத்தில் கொம்பை வைத்து விஷத்தை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் வைத்தியம் இது. பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், ஏனென்றால் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் கிடையாது. வெறிநாயாக இருந்தால், வைரஸ் நரம்பு வழியே மெதுவாக மூளைக்கு ஊர்ந்துபோகும்; வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆள் நன்றாக நடமாடுவார், கொம்பு வேலை செய்துவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். அறிகுறி தெரிந்தபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அந்த நாட்டில் ஆண்டுக்கு 200 பேருக்கு மேல் இன்னமும் வெறிநோயால் இறக்கிறார்கள். கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் தாமதமில்லாமல் தடுப்பூசி. கொம்பு வைத்தியரின் வாசலில் காத்திருக்கும்போது கழிவது அந்த நேரம்தான்.