புயலுக்கு முன்பே சாலையில் ஏறும் கடல்

"புயல் எப்போது கரையைக் கடக்கும்?" கடலோர வெள்ளத்தைக் கணிக்கும் வேலையில் இருப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. ஆனால் கரையோரம் குடியிருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: நான் வெளியேறும் சாலையில் தண்ணீர் எப்போது ஏறும்?

2008-இல் ஐக் ஹரிக்கேன் டெக்சாஸின் கால்வெஸ்டனில் கரையைக் கடந்தது செப்டம்பர் 13, அதிகாலை 2 மணிவாக்கில். பக்கத்துப் பொலிவார் தீபகற்பத்திலோ முந்தின நாள் காலையிலேயே நெடுஞ்சாலை 87-இல் கடல் ஏறிவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பலரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. ஐக் மிகப் பரந்த புயல். கரையை ஒட்டி வெகுநேரம் வீசிய காற்று ஒரு நீரோட்டத்தையே உண்டாக்கியது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கமாக, அதாவது கரையை நோக்கித் திருப்ப, ஆழமில்லாத அந்தக் கடலில் நீர் குவிந்து உயர்ந்தது.

ஸ்லாஷ், ஆட்சர்க் போன்ற கணினி மாதிரிகள் கடல் எவ்வளவு உயரும் என்று சொல்லும். சாலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது கணக்கின் மறுபாதி. எங்களுக்குத் தலைவலியே அங்கேதான். விமானத்திலிருந்து லிடார் என்ற லேசர் அளவீடு மூலம் எடுத்த உயரங்களைப் பெரிய கட்டங்களாகச் சராசரி எடுத்தால் சாலையும் பக்கத்துச் சதுப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் சாலையின் நடுக்கோட்டைத் தனியாகப் பிரித்து, அடி அடியாகப் பார்த்துக்கொண்டே போவேன். பாலத்தின் நடுப்பகுதி மேடாக நிற்கும். பாலம் ஏறும் முன் வரும் சின்னப் பள்ளம்தான் முதலில் மூழ்கும். அது மூழ்கினால் மொத்த வழியும் அடைபட்டது போலத்தான். லூசியானாவின் கிராண்ட் ஐல் தீவுக்கு நெடுஞ்சாலை 1 ஒன்றுதான் வழி. அந்த வழியில் உள்ள லீவில் என்ற ஊரில் 2009-இல் உயரமான பாலம் திறந்த பிறகும், வடக்கே கோல்டன் மெடோ வரையிலான துண்டு சதுப்பின் நடுவே தாழ்வாகவே இருந்தது.

அப்புறம் மழை. கடல்மட்டம் உயர்ந்தால் வடிகால் வாய்கள் நீருக்குள் போய்விடும், மழைநீர் வடியாது. கடலை மட்டும் வைத்துக் கணித்தால் இது விட்டுப்போகும்.

அமெரிக்காவின் தேசிய ஹரிக்கேன் மையம் 2017 முதல் கடல்நீர் எழுச்சிக்கென்றே தனி எச்சரிக்கை விடுகிறது. அதன் வரைபடம் தரைக்கு மேல் எவ்வளவு நீர் நிற்கலாம் என்று காட்டும். எத்தனை மணிக்கு என்று காட்டாது. எனவே வெளியேறச் சொன்னதும் கிளம்பிவிடுங்கள், காற்று பலக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும்.

பௌர்ணமி, அமாவாசை ஓதத்தில், அதாவது கடல் வழக்கத்தைவிட உயரும்போது, மழையே இல்லாமல் உங்கள் சாலையில் எங்கே நீர் தேங்குகிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். புயல் வரும்போது பெரும்பாலும் முதலில் அடைபடுவது அந்த இடம்தான்.