டிக் விழாத நாள்ல என்ன நடந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?

கவுன்சலிங்குக்கு வந்த ஒருத்தவங்க, நாற்பது வயசு தாண்டினவங்க, உட்கார்ந்ததுமே பையிலிருந்து ஒரு நோட்ட எடுத்து மேஜை மேல வச்சாங்க. (ஆள் யாருன்னு தெரியக்கூடாதுங்கறதுக்காக சில விவரங்கள மாத்தித்தான் சொல்றேன்.) ஸ்கேல் வச்சு நேர்த்தியா கட்டம் போட்டிருந்தாங்க, மேல வரிசையா தேதி, பக்கவாட்டுல நடை, தூக்கம், படிப்பு, போன் பாக்குறத குறைக்கணும்னு நாலு தலைப்பு. முதல் 23 நாளும் எல்லா கட்டத்துலயும் பச்சை டிக். 24வது நாள்ல இருந்து சிவப்பு பேனாவுல பெருக்கல் குறி, அதையும் சும்மா போடல, அழுத்தி அழுத்தி போட்டதுல அடுத்த பக்கத்துல தடம் பதிஞ்சிருந்துச்சு. ஒரு வாரம் அப்படி. அப்புறம் வெறும் கட்டம்தான்.

"இவ்ளோதான் மேடம் நான். எதையும் முழுசா முடிக்கத் தெரியாதவ"ன்னாங்க.

24வது நாள் என்ன ஆச்சுன்னு கேட்டேன். ஒண்ணும் ஆகல, சோம்பேறித்தனம்தான்னு உடனே பதில் வந்துச்சு. சரி, போன எடுங்க, அந்த வாரம் எடுத்த போட்டோ, பேசின கால் எல்லாம் ஒரு தடவ பாருங்கன்னு சொன்னேன். அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு இருந்தவங்க அப்படியே அமைதியாயிட்டாங்க. அந்த வாரம்தான் வேலையில ஷிஃப்ட் மாறியிருக்கு, ரெண்டு நாள் கழிச்சு அவங்க அப்பாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, ஒம்பது ராத்திரி பக்கத்துல நாற்காலியில உட்கார்ந்தே விடிஞ்சிருக்கு. காலையில ஆறு மணிக்கு நடக்கணும்னு நோட்டுல எழுதியிருந்தாங்க இல்லையா, அந்த ஆறு மணியே அவங்க வாழ்க்கையில அப்போ கிடையாது. ஆனா நோட்டுல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல, சிவப்பு குறி மட்டும்தான் இருக்கு.

நான் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ டைரி, எத்தனையோ ஆப் ஸ்கிரீன் பார்த்திருக்கேன், பெரும்பாலும் கதை இதேதான். செஞ்சேனா செய்யலையாங்கறத எழுதுறாங்க, அந்த நாள் எப்படிப்பட்ட நாளுங்கறத எழுதுறதில்ல. மூணு மாசம் கழிச்சு திரும்பிப் பார்க்கும்போது சுத்தி நடந்தது எல்லாம் மறந்து போயிருக்கும், தோத்தது மட்டும் மனசுல நிக்கும், அதுவும் மனசு சோர்ந்திருக்கற சமயத்துல யோசிச்சா நல்லா போன நாள் ஞாபகத்துக்கே வராது, மோசமா போனது வரிசை கட்டி வந்து நிக்கும். மனச்சோர்வோட வர்றவங்ககிட்ட இத நான் தினமும் பாக்குறேன்.

அதுக்காக எழுதி வைக்கிறதே வேண்டாம்னு சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. எழுதி வச்சா நிச்சயமா பலன் இருக்கு. 2016ல, தன்னோட முன்னேற்றத்த கவனிச்சுட்டே வர்றது இலக்க அடைய உதவுதான்னு பார்த்த 138 ஆய்வுகள ஒண்ணா சேர்த்து அலசினாங்க, மொத்தம் கிட்டத்தட்ட 20,000 பேர். உதவுதுன்னுதான் முடிவு வந்துச்சு, மனசுக்குள்ள மட்டும் கணக்கு வச்சுக்காம எங்கயாவது பதிஞ்சு வச்சா பலன் இன்னும் கூடுதல். நாங்க பண்ற மனநல சிகிச்சையிலயும் இது பழைய விஷயம்தான், ஒரு பழக்கத்த குறிச்சு வைக்க ஆரம்பிச்சாலே அந்தப் பழக்கம் கொஞ்சம் மாறத் தொடங்கிடும். சிக்கல் எங்கன்னா, நிலைமை மோசமாகும்போது மனுஷன் நோட்டப் பாக்குறதயே நிறுத்திடுறான். நல்லா போற வரைக்கும் தினமும் எடை பாப்போம், ஏறுதுன்னு தெரிஞ்சா மெஷின் பக்கமே போக மாட்டோம். எப்போ குறிப்பு ரொம்ப தேவையோ சரியா அப்பதான் பக்கம் காலியா இருக்கும்.

இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஞாபகம் வரும். 1700கள்லயே 13 நற்குணங்கள பட்டியல் போட்டு, சின்ன நோட்டுல ஏழு நாளுக்கு ஏழு பத்தியா கோடு கிழிச்சு, தப்பு பண்ண அன்னைக்கு எல்லாம் ஒரு கரும்புள்ளி வச்சவர். வாரத்துக்கு ஒரு குணம்னு எடுத்துக்கிட்டா 13 வாரத்துல ஒரு சுத்து, வருஷத்துக்கு நாலு சுத்து. அவர் டிராக்கர இப்போ நிறைய பேர் காப்பி அடிக்கிறாங்க, ஆனா சுயசரிதையில அவர் எழுதின இன்னொரு விஷயத்த யாரும் சொல்றதில்ல. ஒழுங்குங்கற குணம்தான், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம்னு அட்டவணை போட்டு நடக்கறதுதான், அவருக்கு கடைசி வரைக்கும் வசப்படல, அதுக்கு அவரே காரணமும் சொல்றார்: கூலிக்கு வேலை பாக்குற அச்சுத் தொழிலாளிக்கு தன் நேரம் தன் கையில இருக்கும், அவன் அந்த அட்டவணைய கடைப்பிடிக்கலாம், ஆனா சொந்தமா தொழில் நடத்துற முதலாளி வர்றவங்கள அவங்கவங்க நேரத்துல பார்த்தாகணும், அவனால அப்படியே கடைப்பிடிக்க முடியாதுன்னு. அதாவது குணத்த மட்டும் பாக்காம, தன் நாள் எப்படி இருக்குங்கறதயும் பார்த்திருக்கார். நான் சொல்ல வர்றதும் அதேதான்.

வாழ்க்கையில மாற்றம்னா மனசுக்கு ஒரு பாரம். நல்ல மாற்றமா இருந்தாலும் பாரம்தான். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹேன்னு ரெண்டு மனநல மருத்துவர்கள் 1967ல 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டாங்க. துணைய இழக்கறதுக்கு 100, விவாகரத்துக்கு 73, கல்யாணத்துக்கு 50, வேலை போறதுக்கு 47, ரிட்டயர் ஆகறதுக்கு 45, வீடு மாறறதுக்கு 20, தூக்கப் பழக்கம் மாறறதுக்கு 16, லீவு எடுத்துட்டு ஊர் சுத்தப் போறதுக்குக் கூட 13. எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்ங்கறது சரிப்பட்டு வராது, ஒருத்தருக்கு விவாகரத்து இடியா இருக்கும், இன்னொருத்தருக்கு அது விடுதலை. அதனால இத வச்சு உங்களுக்கு நீங்களே நோய் கண்டுபிடிக்காதீங்க. ஆனா அந்தப் பட்டியல கையில கொடுத்து போன ஆறு மாசத்துல நடந்தத சுழிங்கன்னா, முக்கால்வாசி பேர் சுழிச்சு முடிச்சுட்டு நிமிர்ந்து பாக்குற பார்வை இருக்கே, "இவ்வளவு நடந்திருக்கா"ன்னு, அதுக்காகவே நான் அத இன்னும் கையில வச்சிருக்கேன்.

இந்தம்மாகிட்ட புதுசா எதுவும் வாங்கச் சொல்லல. அதே நோட்டுல வலது ஓரத்துல ஒரு பத்தி விடச் சொன்னேன், தலைப்பு "இன்னைக்கு". அன்னைக்கு வழக்கத்துக்கு மாறா என்ன நடந்துச்சோ அது ஒரே ஒரு வரி. ராத்திரி ஒண்ணரைக்குதான் படுத்தேன். பையனுக்கு ஜுரம். மாதவிடாய் முதல் நாள். ஆஃபீஸ்ல மேனேஜர் மாறிட்டார். பழைய தோழி போன் பண்ணா, சந்தோஷமா இருந்துச்சு. நல்லது கெட்டது ரெண்டும் வரணும், ஒண்ணும் இல்லைன்னா ஒரு கோடு போட்டுட்டு போயிடலாம். ஒரே ஒரு தடைதான் விதிச்சேன்: சோம்பேறித்தனம், திமிர், மனஉறுதி இல்ல, இந்த மாதிரி வார்த்தை அந்தப் பத்தியில வரவே கூடாது. அது நடந்த சம்பவம் கிடையாது, தீர்ப்பு. தீர்ப்ப எழுதிட்டா அதுக்கு மேல யோசிக்க எதுவும் இருக்காது, ஆனா "ஒண்ணரைக்கு படுத்தேன்"னு எழுதினா ஏன் ஒண்ணரை ஆச்சுன்னு அடுத்த கேள்வி தானா வரும்.

அப்போ அவங்க கேட்டது நியாயமான கேள்வி. "இப்படி எழுதினா எல்லாத்துக்கும் ஒரு சாக்கு கிடைச்சுடாதா மேடம்?"

கிடைக்கும், முதல் வாரம் அப்படித்தான் தெரியும். ஆனா சாக்குங்கறது அன்னைக்கு வாயால சொல்லி அன்னைக்கே மறக்கறது, அதுக்கு ஆயுசு கம்மி. எழுதி வச்சு ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் உட்கார்ந்து வரிசையா படிச்சா, தினம் ஒரு புது காரணம் வருதா இல்ல ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருதான்னு பளிச்சுன்னு தெரிஞ்சுடும். தினம் புதுசு புதுசா வந்தா ஒருவேளை அந்த இலக்கே நமக்கு பிடிக்கலையோ, யாரோ சொன்னாங்கன்னு எடுத்துக்கிட்டதோன்னு யோசிக்கணும், இதுல வெட்கப்பட எதுவும் இல்ல. ஒரே காரணம் மூணு வாரமா வந்தா திட்டத்த மாத்தணும், ஆள இல்ல. இவங்களுக்கு மூணு வாரமும் "ராத்திரி லேட்"தான் வந்துச்சு. அதனால காலை நடைய எடுத்துட்டு, வேலை முடிஞ்சு வெளிய வந்ததும் நேரா வண்டிக்கு போகாம ஒரு சுத்து நடந்துட்டு போறதுன்னு மாத்தினோம். இது நடந்தா இத செய்வேன்னு முன்கூட்டியே முடிச்சு போட்டு வைக்கிறத பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியலாளர் பல வருஷமா ஆராய்ஞ்சு சொல்லியிருக்கார். "நடக்கணும்"னு வெறுமனே நினைக்கிறதுக்கும் "கேட் தாண்டினதும் இடது பக்கம் திரும்புவேன்"னு முடிவு பண்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

21 நாள் விஷயத்தயும் இங்க சொல்லிடணும், ஏன்னா இவங்களும் அத நம்பித்தான் 23 நாள் முடிச்சதும் இனிமே தானா வந்துடும்னு இருந்திருக்காங்க. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கற பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினார். கைமாறி கைமாறி அந்த "குறைஞ்சது" காணாமப் போயி, எந்தப் பழக்கமும் 21 நாள்ல வந்துடும்னு ஆயிடுச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்க குழுவும் 96 பேர 12 வாரம் கவனிச்சு 2009ல வெளியிட்டதுல, ஒரு சின்ன பழக்கம் தானா வர்ற நிலைக்கு போக நடுவாந்திரமா 66 நாள், ஆளப் பொறுத்து 18ல இருந்து 254 நாள் வரைக்கும் ஆகலாம்னு கணிச்சாங்க. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனதால பெருசா எதுவும் கெட்டுப் போகலைங்கறதும் அதே ஆய்வுல இருக்கு. இத தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா ஒரு நாள் விட்டதால யாரும் தோக்கறதில்ல, "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு அதுக்கப்புறம் மொத்தமா விடுறதுலதான் தோக்கறாங்க. போதைப் பழக்கத்துல இருந்து மீண்டு வர்றவங்ககிட்ட ஆலன் மார்லட்ங்கற உளவியலாளர் இததான் பார்த்தார், ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சியா மாறறதுக்கு நடுவுல இருக்கறது குற்ற உணர்ச்சின்னு. தொடர்ந்து இத்தனை நாள்னு எண்ணிக் காட்டுற ஆப்ல ஒரு நாள் விட்டதும் பூஜ்யத்துக்கு போயிடும் பாருங்க, எனக்கு அது பிடிக்கவே இல்ல. முடிஞ்சா அந்த எண்ணிக்கைய மறைச்சு வச்சுட்டு, மாசத்துல மொத்தம் எத்தனை நாள்னு மட்டும் பாருங்க.

எண்ண எத்தனையோ இருக்கு, எல்லாத்தயும் எண்ண வேண்டியதில்ல. தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வச்சு நடக்கணுங்கறதே 1965ல ஜப்பான்ல ஒரு அடி எண்ணும் கருவிக்கு வச்ச பேர்ல இருந்து வந்ததுதான். தூக்கத்த வாட்ச்ல பார்த்து பார்த்து, ஸ்கோர் குறைஞ்சுடுமோங்கற கவலையிலயே தூக்கம் கெட்டு வந்தவங்களுக்குன்னு 2017ல ஆராய்ச்சியாளர்கள் தனியா ஒரு பேரே வச்சாங்க. பிடிச்சு செய்யற விஷயத்த, வரையறதோ படிக்கறதோ, அளக்க ஆரம்பிச்சா அதுல இருக்க சந்தோஷம் குறையுதுன்னும் 2016ல ஒரு ஆய்வு வந்திருக்கு. ஒரு நேரத்துல ஒரு இலக்கு, மிஞ்சிப்போனா ரெண்டு. சாப்பாடு, எடை விஷயத்துல ஏற்கனவே பயமோ கோளாறோ இருக்கறவங்களும், திரும்பத் திரும்ப சரிபார்த்தே ஆகணும்ங்கற எண்ணச் சுழற்சி இருக்கறவங்களும் தனியா இந்த எண்ணிக்கைய ஆரம்பிக்கவே வேண்டாம், உங்கள பாக்குற டாக்டர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க.

ஒரு மாசம் கழிச்சு இந்தம்மா திரும்ப வந்தப்போ 28 நாள்ல 11 டிக். முன்ன இருந்த 23ஐ விட கம்மிதான். ஆனா ஒரு கட்டம் கூட காலியா இல்ல, வலது பத்தி முழுக்க சின்ன எழுத்துல நிரம்பியிருந்துச்சு, ஒரு இடத்துல "அப்பா இன்னைக்கு தானா எழுந்து நடந்தார், நானும் கூட நடந்தேன், இத கணக்குல சேர்க்கலாமா?"ன்னு எழுதியிருந்தாங்க. சேர்த்துக்கோங்கன்னு நானே பச்சை பேனாவுல டிக் போட்டேன்.

உங்க வலது பத்தியில ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் "எதுலயும் பிடிப்பு இல்ல", "தூக்கம் வரல", "அழுகையா வருது"ன்னே வந்துட்டு இருந்தா, டிக் கணக்க அப்படியே நிறுத்திடுங்க. அது இலக்கு சம்பந்தப்பட்ட பிரச்சனை இல்ல, டாக்டரயோ மனநல ஆலோசகரயோ பாக்க வேண்டிய விஷயம். உயிரோட இருந்து என்னங்கற நினைப்பு ஒரு தடவ வந்தா கூட ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே யார்கிட்டயாவது வாய் விட்டு சொல்லி, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகச் சொல்லுங்க. வரும்போது அந்த நோட்டயும் கையோட எடுத்துட்டு வாங்க, எப்போ ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நாங்க முதல்ல கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் அதுலயே இருக்கும்.