கெரிஸ் கத்தியின் கறுப்பும் வெள்ளியும்

ஈப்போ வாசகர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: தாத்தா விட்டுப்போன நெளிநெளியான கத்தி, செதுக்கு வேலை செய்த மர உறை. கத்தி முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். படத்தில் இருப்பது கெரிஸ், ஜாவா, மலாய் மக்களின் பாரம்பரியக் குத்துக்கத்தி. அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் அகன்று, கோணலாக இருக்கிறது. அதன் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறதே, அதற்கு மேல் பிடியோரமாக இருப்பது கஞ்சா எனப்படும் தனித் துண்டு. (சிரிக்காதீர்கள், ஜாவாவில் பெயரே அதுதான்.) நெளிவுகளை எண்ணினால் ஒற்றைப்படையில் வரும். நெளிவே இல்லாத நேர்க்கத்தியும் கெரிஸ்தான். உறையின் வாய்ப்பகுதி படகுபோல இரு முனையும் நீண்டிருந்தால் லத்ராங். உருண்டு அடக்கமாக இருந்தால் காயாமான். இரண்டுமே ஜாவா பாணி.

சரி, உப்புத்தாள் ஏன் கூடாது? கத்தியின் மேல் ஓடும் வெள்ளிக் கோலம்தான் காரணம். அதற்குப் பாமோர் என்று பெயர். சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடிப்பார்கள். நடுவில் வெட்டுவாய்க்காக ஓர் எஃகுத் தகடு. நம் பழைய தென்னிந்திய உருக்கிலும் கோலம் உண்டு, ஆனால் அது ஒரே கட்டிக்குள் கார்பைடுத் துகள்கள் (இரும்பும் கார்பனும் சேர்ந்தவை) வரிசைகட்டுவதால் வருவது. பாமோர் அடுக்கினால் வருவது.

அடித்து முடித்த கத்தியில் கோலம் மங்கலாகத்தான் தெரியும். அதை வெளியே கொண்டுவருவது வாராங்கான், அதாவது ஆர்சனிக். சித்த மருத்துவத்தில் மனோசிலை என்கிறோமே, அதுபோன்ற ஆர்சனிக் கனிமத்தைப் பொடித்து எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கத்தியில் பூசுவார்கள். எலுமிச்சையின் அமிலம் இரும்பின் மேற்பரப்பைச் சுத்தமாகத் திறந்து வைக்கிறது. இரும்பு தன் எலக்ட்ரான்களைத் தாராளமாகக் கொடுக்கும் உலோகம். கரைசலில் உள்ள ஆர்சனிக் அவற்றை வாங்கிக்கொண்டு அங்கேயே கருமையான படலமாகப் படிகிறது. நிக்கல் அவ்வளவு எளிதில் கொடுக்காது. ஆகவே நிக்கல் கலந்த அடுக்கில் படலம் சரியாகப் பிடிக்காமல் அது வெள்ளியாகவே நிற்கிறது. தூரிகையே தொடாமல், எந்த அணு எலக்ட்ரானை விடுகிறது என்பதை வைத்தே ஒரு சித்திரம்! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. உப்புத்தாள் முதலில் தின்பது இந்தப் படலத்தை, அப்புறம் பாமோர் அடுக்கையே.

கெரிஸில் விஷம் தடவியிருக்கும் என்ற பேச்சுக்கும் இந்த ஆர்சனிக்கே காரணமாக இருக்கலாம். 'விண்கல் கெரிஸ்' என்று விலை ஏற்றுவது இன்னொரு கதை. 18ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் பிரம்பானான் அருகே விண்கல் விழுந்ததும், பெரிய துண்டு சூரகார்த்தா அரண்மனைக்குப் போனதும், அதிலிருந்து கத்திகள் செய்ததும் உண்மை. ஆனால் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள லூவு பகுதி இரும்பிலும் நிக்கல் உண்டு. விண்கல்லுக்கே உரிய படிகக் கோடுகள் உலையில் காய்ச்சி அடித்ததும் அழிந்துவிடும். ஆகவே நிக்கல் இருப்பது மட்டும் சான்றாகாது. 2005இல் யுனெஸ்கோ கெரிஸைக் கௌரவித்தது. அந்த உற்சாகத்தில் பாதியை உலோகப் பகுப்பாய்வுக்குப் பணம் ஒதுக்குவதில் காட்டினால், வியாபாரிகளின் வாய்க்குப் பூட்டு விழும்.

போலியா என்று பார்க்க லென்ஸ் போதும். அமிலத்தால் வரைந்த கோலம் தேய்ந்த இடத்தில் நின்றுவிடும். உண்மையான அடுக்கு உள்ளேயும் தொடரும்.

ஜாவாவில் துருவை இளக்க இளநீரில் ஊறவைத்து, எலுமிச்சையும் பூந்திக்கொட்டை இனக் காயும் போட்டுத் தேய்த்து வெளுப்பாக்கிய பிறகே வாராங்கான் பூசுவார்கள். இந்தக் கடைசி வேலையை வீட்டில் செய்யாதீர்கள். கரைசலே கொடிய நஞ்சு. அமிலம் கடுமையானால் ஆர்சீன் வாயுவும் கிளம்பக்கூடும். பழைய படலத்திலும் ஆர்சனிக் உண்டு, கத்தியைத் தொட்டால் கை கழுவுங்கள். இப்போதைக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். செதுக்கிய உறையில் தண்ணீர் படக் கூடாது, உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள். பிடி கழன்று வரவில்லையென்றால் முறுக்காமல் அப்படியே ஜாவாவின் யோக்யகார்த்தாவிலோ சோலோவிலோ (சூரகார்த்தாவின் இன்னொரு பெயர்) இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.