பயணத் திட்டத்தில் ஊர்ப்பெயருக்கு எதிரே உயரத்தையும் எழுதுங்கள்

சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்த பிறகு, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பாகக் கிடைக்கும் சில மாதங்கள்தாம் காவிரி டெல்டாவின் குடும்பங்கள் ஊர் சுற்றும் காலம். கும்பகோணத்தில் பொது மருத்துவராக இருக்கும் எனக்கு, மாசி பிறந்தாலே இது தெரிந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எழுதி வாங்க வருபவர்கள், "இரண்டு மாதத்துக்குச் சேர்த்தே எழுதிக் கொடுங்கள் டாக்டர், கேதார்நாத் போகிறோம்" என்றோ, "பையன் லடாக்குக்கு டிக்கெட் போட்டிருக்கிறான்" என்றோ சொல்வார்கள். இந்தக் கட்டுரை அவர்களில் எவரையும் தடுப்பதற்காக எழுதப்படவில்லை. வயலும் வாய்க்காலுமாகவே வாழ்ந்தவர்கள் 60 வயதுக்குப் பிறகாவது பனிமலையையும் பாலைவனத்தையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே என் விருப்பமும்.

ஆனால் புறப்படுமுன் நாம் வாழும் நிலத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர்கூடக் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தை எட்டாது. அங்கிருந்து கிழக்கே நாகப்பட்டினமும் வேதாரண்யமும் வரை நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது. ஆறுபடை வீடுகளில் ஒன்றான சுவாமிமலையே எங்கள் பகுதியில் கட்டுமலைதான். தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிக்கும் அதன் 60 படிகளை ஏறிவிட்டால் சன்னிதி வந்துவிடும். இந்தச் சமவெளியில் ஆயுள் முழுவதும் மூச்சுவிட்டுப் பழகிய ஒருவர், காலை விமானத்தில் ஏறி, 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் நண்பகலுக்குள் இறங்கிவிட முடிகிறது. அவருடைய பெட்டி அந்த உயரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உடல் போய்ச் சேர இன்னும் இரண்டு மூன்று நாட்கள் ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன், பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். குடும்பத்தோடு லடாக் சென்றவர், இறங்கிய அன்று மாலையே ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறார். இரவில் தலைவலி, குமட்டல். பயண அலுப்பில் பித்தம் ஏறிவிட்டது என்று எண்ணி எலுமிச்சம்பழச் சாறு குடித்துப் படுத்திருக்கிறார். மறுநாள் காலையிலும் தலைவலி விடவில்லை என்று சொன்னபோது, "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், மேலே போனால் சரியாகிவிடும்" என்று உடன் வந்த ஏற்பாட்டாளர் சொல்லியிருக்கிறார். 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் வண்டியைவிட்டு இறங்கியபோது அவரால் நேராக நடக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. அதைக் கண்ட உள்ளூர் ஓட்டுநர், யாரிடமும் கேட்காமல் வண்டியைத் திருப்பி லே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததால்தான் அந்த அம்மா இன்று உயிரோடு இருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் எடுத்து வந்திருந்த பயணத் திட்டத் தாளில் பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக இருந்தன. ஓர் இடத்துக்கும் உயரம் குறிப்பிடப்படவில்லை.

மலையின் மேலே ஆக்சிஜன் தீர்ந்துபோவதில்லை. எங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். லே நகரில் அது கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 5,500 மீட்டரில் பாதி. அழுத்தம் குறையும்போது ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்துக்குள் செல்லும் ஆக்சிஜனும் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும் திறன் உடையதுதான். மூச்சின் வேகத்தைக் கூட்டுகிறது, சிறுநீரகத்தின் வழியாக ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்கிறது. இதற்கெல்லாம் நாட்கள் தேவை. "ஊட்டிக்குப் பலமுறை போயிருக்கிறோம், ஒன்றும் செய்ததில்லை" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உதகமண்டலம் 2,240 மீட்டர்தான், இந்த ஆக்சிஜன் குறைவுக்கு உடல் பழகுமுன் வரும் உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆகவே ஊட்டி அனுபவம் லடாக்குக்குச் சான்றாகாது. நடைப்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கும் விலக்கில்லை. முதல் நாளே ஓடியாடித் திரிவதால் அவர்களே சில சமயம் முதலில் படுத்துவிடுகிறார்கள்.

போய் இறங்கிய சில மணி நேரத்தில் தலைவலியோடு குமட்டல், பசியின்மை, மயக்கம், தூக்கமின்மை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதை உயர நோயாகவே கருத வேண்டும். அன்று அதற்கு மேல் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மூளையில் வீக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, படுத்தால் இருமல் வந்து இளஞ்சிவப்பு நுரை வெளிப்பட்டாலோ நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்க வேண்டும். ஆக்சிஜன் கிடைத்தால் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். கடைகளில் விற்கும் சிறிய ஆக்சிஜன் புட்டி சில நிமிடங்களுக்குத்தான் வரும். கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே ஏறும் வழக்கம் யாத்திரிகர்களிடையே பரவலாக இருக்கிறது. அந்த மணம் மூக்கு திறந்தது போன்ற உணர்வைத் தருமே தவிர, ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது.

அதனால்தான் பயணத் திட்டத் தாளை என்னிடம் கொண்டுவரச் சொல்கிறேன். பகலில் எங்கே போகிறீர்கள் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதே எனக்கு முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்குவது நல்லது. லே நகருக்கு விமானத்தில் செல்பவர்கள் முதல் 48 மணி நேரத்தை விடுதியிலும் அதன் அருகிலுமே கழிக்க வேண்டும். நேரம் இருப்பவர்கள் ஸ்ரீநகரிலிருந்து தரைவழியே சென்று, ஏறத்தாழ 2,700 மீட்டரிலுள்ள கார்கிலில் ஓர் இரவு தங்கிப் போவதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். மணாலி வழியில் பலர் 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் முதல் இரவைக் கழிக்க நேர்வதால், அது முதியவர்களுக்கு ஏற்றதன்று. கேதார்நாத் 3,583 மீட்டர். கௌரிகுண்டிலிருந்து நடைபாதை சுமார் 16 கிலோமீட்டர். முழங்கால் வலியுள்ளவர்கள் ஹெலிகாப்டரை நாடுவது நியாயமே. ஆனால் நடந்தால் ஒரு நாள் எடுக்கும் உயரத்தை அது சில நிமிடங்களில் கடந்துவிடுவதால், தரிசனம் முடித்து அன்றே இறங்கிவிடுவது பாதுகாப்பானது.

அசிட்டசோலமைடு மாத்திரை உயர நோயைத் தடுக்க உதவும். மேலே ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டிய மருந்து அது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பொருந்தாமல் போகலாம் என்பதால், பக்கத்து இருக்கைக்காரரிடம் வாங்கி விழுங்கக்கூடாது. மேலே இருக்கும் முதல் சில நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தசோகை அல்லது நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பரிசோதனைக்கு வர வேண்டும். அமர்நாத் யாத்திரைக்கு உடல்தகுதிச் சான்றிதழ் கட்டாயம். பழகிய முகம் என்பதற்காகப் பரிசோதிக்காமல் அதில் கையெழுத்திடும்படி சிலர் கேட்கிறார்கள், நான் இடுவதில்லை. குகை இருப்பது 3,888 மீட்டர் உயரத்தில்.

எங்கள் பக்கத்து முதியவர்களிடம் நான் மிகவும் அஞ்சுவது விரதத்தைத்தான். தரிசன நாளில் ஒன்றும் சாப்பிடாமல், ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்கள். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தால், அதை உயர நோயிலிருந்து பிரித்தறிவது அங்கே எளிதன்று. விரதம் இருப்பதானால் அன்றைய மாத்திரை அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். குளிர்ப் பகுதிகளில் அதைப் பெட்டியில் வைக்காமல், சட்டைக்குள் உடல் சூட்டோடு வைத்திருங்கள். குளுக்கோமீட்டரும் கடுங்குளிரில் தவறாகக் காட்டும். பத்ரிநாத்தின் வெந்நீர் ஊற்றான தப்த குண்டத்தில் நெடுநேரம் மூழ்கியிருந்து சட்டென்று எழுந்தால், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு.

மலை அல்லாத இடங்களுக்கும் சில சொற்கள். டெல்டா வெயிலில் வியர்வை சட்டையை நனைத்து நம்மை எச்சரிக்கும். ஜெய்சல்மரிலும் கட்ச் ரண்ணிலும் அது தோன்றியவுடனே உலர்ந்துவிடுவதால் நீர் இழப்பதே தெரியாது. சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டுமே அங்கே போவது நல்லது. மேகாலயத்தின் நோங்ரியாட் வேர்ப்பாலத்துக்கு 3,000 படிகளுக்கு மேல் இறங்கி, அதே படிகளில் ஏறி வர வேண்டும். வடகிழக்கிலிருந்தோ அந்தமானிலிருந்தோ திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் போய்வந்த ஊரைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மலேரியாவை நாங்கள் நினைக்காமலே விட்டுவிடக்கூடும். அந்தமானில் ஆழ்கடல் மூழ்கல் (ஸ்கூபா டைவிங்) செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும்.

அந்தத் தலைமையாசிரியை சென்ற மாதம் மீண்டும் வந்தார். சமையல்காரரோடு புறப்படும் யாத்திரைக் குழு ஒன்றில் பத்ரிநாத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். குழுவின் அச்சிட்ட தாளில் ஒவ்வோர் ஊருக்கும் எதிரே, விடைத்தாள் திருத்துவது போலச் சிவப்பு மையில் உயரம் எழுதியிருந்தார்: ஹரித்வார் 314, ஜோஷிமட் 1,890, பத்ரிநாத் 3,100. ஜோஷிமட்டில் ஓர் இரவு என்று அச்சாகியிருந்ததை அடித்து, இரண்டு இரவு என்று மாற்றியிருந்தார்; ஏற்பாட்டாளரிடம் பேசி, 40 பேருக்கும் சேர்த்தே அதை மாற்ற வைத்துவிட்டுத்தான் என்னிடம் மாத்திரை எழுதி வாங்க வந்திருந்தார்.