கேபிள் செருகியாச்சு, சத்தம் எங்கே?

"சார், கீபோர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன், சத்தமே வரவில்லை. போர்டு போயிடுச்சா?"

இசைக் கீபோர்டு பழுது பார்க்கும் என் மேஜைக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உண்மையிலேயே கருகிப்போன கீபோர்டைக் கொண்டுவருபவரோ "சும்மா ஒரு வயர்தான் மாட்டினேன்" என்பார். பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயமும், பயப்பட வேண்டிய இடத்தில் துணிச்சலும். எனக்கு வரும் வேலையில் பாதி இந்தக் குழப்பத்தால்தான்.

முதலில் பயம் தேவையில்லாத பக்கம். மிடி என்பது மின்னணு இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் முறை. மிடி கேபிளில் சத்தம் போகாது. நீங்கள் நடு சி-யை, அதாவது கீபோர்டின் நடுவில் உள்ள சி கட்டையை அழுத்தினால், "60-ஆம் எண் நோட் (சுரம்), இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்" என்ற தகவல் மட்டும் போகும். விரலை எடுத்தால் இன்னொரு தகவல். வேகத்துக்கு 127 வரை எண். சுரம் எழுதிய நோட்டுப்புத்தகத்தைக் காதில் வைத்தால் பாட்டு கேட்குமா? யாராவது பார்த்து வாசிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த வேலையை ஒரு மென்பொருள் செய்ய வேண்டும். அது இல்லையென்றால் மௌனம்தான். 1983-இல் வெவ்வேறு கம்பெனிகளின் சின்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்த ஏற்பாடு, இன்றும் அடிப்படை மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. யூஎஸ்பி வழியே போவதும் அதே தகவல்தான். சில கீபோர்டுகள் யூஎஸ்பியில் ஆடியோவையும் அனுப்பும். மேனுவலில் தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

ஐந்து முள் மிடி கேபிள் என்றால் ஒன்றின் 'அவுட்' மற்றதின் 'இன்'னுக்குப் போக வேண்டும். இது தெரிந்தவர்களும் விலை குறைந்த யூஎஸ்பி-மிடி கேபிளில் தடுக்கி விழுகிறார்கள். அதில் 'இன்' என்று எழுதிய முனையைக் கீபோர்டின் 'இன்'னில் செருகிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பல கேபிள்களில் அந்த எழுத்து கேபிளின் பார்வையில் எழுதியது. 'இன்' முனை கீபோர்டின் 'அவுட்'டுக்குப் போக வேண்டும். மாற்றிச் செருகிப் பாருங்கள், ஒன்றும் கெடாது. மிடி 'இன்' துளைக்குப் பின்னால் ஆப்டோகப்ளர் என்ற சின்ன உறுப்பு இருக்கிறது. தகவல் அதற்குள் ஒளியாகத் தாண்டிப் போகும். இரண்டு கருவிகளின் மின்சுற்றும் நேரடியாகத் தொடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

யூஎஸ்பியில் இன்னொரு வேடிக்கை உண்டு: சில போன் சார்ஜிங் கேபிள்களுக்குள் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும்தான் இருக்கும். வாரக்கணக்கில் டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றி நிறுவிவிட்டு வந்தவர்கள் உண்டு. கேபிளை மாற்றினேன், வேலை முடிந்தது.

ஒருவர் வந்தார். "சத்தம் வருது, ஆனா பியானோ ஏதோ குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு." வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு நோட்டும் இரண்டு தடவை, மயிரிழை இடைவெளியில் ஒலித்தது. கீயை அழுத்தியதும் கீபோர்டு தானே ஒரு முறை ஒலிக்கிறது; அதே தகவல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி ஒலிக்கிறது. மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை, அதாவது கீயை அழுத்தியதும் கீபோர்டு தானே ஒலிப்பதை, ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் வீட்டுக்குப் போய்க் கேபிளைக் கழற்றிவிட்டு, "இப்போ சத்தமே இல்லை" என்று போன் செய்தார். தப்பு என்னுடையது, திரும்ப ஆன் செய்யச் சொல்ல மறந்துவிட்டேன்.

தாமதம் பற்றி ஒரு வரி. மிடியில் ஒரு நோட் தகவல் போக ஒரு மில்லிநொடிதான் ஆகும். விரலுக்கும் காதுக்கும் இடையே இழுவை தெரிந்தால் கம்ப்யூட்டரின் பஃபர் அளவை, அதாவது சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவைக் குறையுங்கள். அது 512 என்று இருந்தால் சுமார் 12 மில்லிநொடி, 128 என்றால் மூன்று. புளூடூத் ஹெட்போனில் வாசித்துப் பழகுவதை விட்டுவிடுங்கள், அந்தத் தாமதத்தை எந்த செட்டிங்கும் முழுசாகத் தீர்க்காது.

இனி, கீபோர்டு உண்மையில் சாகும் இடங்கள். சில ஆம்ப்ளிஃபயர்களில் 'இன்புட்'டும் 'ஸ்பீக்கர் அவுட்'டும் ஒரே மாதிரிக் கால் அங்குல ஜாக்காக இருக்கும். இருட்டு மேடையில் கீபோர்டின் அவுட்டை ஸ்பீக்கர் அவுட்டில் செருகிவிட்டார் ஒருவர். பெரிய ஸ்பீக்கரை அசைக்கும் மின்சாரம் பின்வழியாகக் கீபோர்டுக்குள் வந்தது. திறந்தபோது எட்டுக்கால் ஐசி சில்லு ஒன்றின் முதுகில் கடுகளவு கொப்புளம், கருகல் வாடை. சின்ன உறுப்புதான். ஆனால் அதன் கீழிருந்த செம்புத் தடமும் எரிந்து போயிருந்தது.

இன்னொன்று அடாப்டர். கிடார் பெடல், கீபோர்டு, கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி எல்லாம் ஒரே மேஜையில் சேரும்போது ஒன்றின் அடாப்டர் முனை மற்றொன்றில் கச்சிதமாகப் பொருந்திவிடும். பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் மைனஸ். நிறைய கீபோர்டுகளுக்கு நடுவில் பிளஸ் வேண்டும். துளைக்குப் பக்கத்திலேயே வட்டமும் புள்ளியுமாகச் சின்னப் படம் இருக்கும். அதுவும் வோல்ட் எண்ணும் அடாப்டரில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். என் மேஜையில் உள்ள அடாப்டர் ஒவ்வொன்றிலும் அது எந்தக் கருவிக்கானது என்று வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கும். நானே ஒரு முறை மாற்றிச் செருகிய அன்று தொடங்கிய பழக்கம்.