வாட்டர் கூலிங்: பொருள் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் தன் அப்பாவுடன் சர்வீஸுக்கு வந்தார். கேபினெட்டை மேசையில் வைப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "சார், கொஞ்ச நேரம் கேம் ஓடினா தானா ஆஃப் ஆயிடுது. தண்ணி சிஸ்டம் போட்டா சூடே ஆகாதுன்னு சொல்லித்தான் இவன் பணம் வாங்கினான்." பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பிராசஸர் மேலிருந்த பிளாக்கை, அதாவது தண்ணீர் உள்ளே ஓடிச் சூட்டை எடுக்கும் சின்னப் பெட்டியை, கழற்றித் திறந்தேன். செம்புத் தகட்டில் மயிரிழை போல வரிசையாக இருக்க வேண்டிய பள்ளங்கள் முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளைக் களிம்பு. ஈரச் சுண்ணாம்பை விரலால் அப்பினது போல இருந்தது. பிளாக் செம்பு, ரேடியேட்டர் அலுமினியம், ஊற்றியிருந்தது வீட்டு ஆர்.ஓ. தண்ணீர். எட்டே மாதத்தில் அலுமினியம் அரித்துக் கரைந்து, பிளாக்கில் வந்து அடைத்திருக்கிறது. ரேடியேட்டரின் ஓரத்தில் ஊசித் துளை ஒன்று விழுந்து, அதிலிருந்து சொட்டியது கிராபிக்ஸ் கார்டின் முதுகில் இறங்கியிருந்தது. கார்டு போய்விட்டது. இந்தக் கோடையில் இப்படி வந்த மூன்றாவது மெஷின் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த அப்பா சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். "தண்ணி போட்டா சூடே ஆகாது." வாரத்துக்கு இரண்டு பேராவது இதை என்னிடம் சொல்கிறார்கள். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. தண்ணீர் என்றாலே குளிர்ச்சி என்று மனதில் பதிந்துவிட்டது. பானை குளிர்வதற்குக் காரணம், அதன் துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏர் கூலரும் அதே வேலையைத்தான் செய்கிறது. கம்ப்யூட்டரில் நீங்கள் போடுவது மூடிய குழாய். அங்கே ஆவியாகிக் குளிர வழியே இல்லை. அந்தத் தண்ணீருக்கு ஒரே வேலை, பிராசஸரில் இருக்கும் சூட்டைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்குவது. ரேடியேட்டர் அதை அறைக் காற்றில் விடுகிறது. ஆகவே உங்கள் அறை 36 டிகிரி என்றால், எத்தனை ஆயிரம் கொட்டினாலும் தண்ணீர் 36-க்குக் கீழே இறங்காது. கேம் மாதிரி லோடு கொடுத்தால் அதைவிடப் பத்து டிகிரி கூடுதலாக ஓடும். பிராசஸர் அதற்கும் மேலே இருக்கும். மே மாத மத்தியானம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் உட்கார்ந்துகொண்டு "சார், தண்ணியே 48 காட்டுது, பம்ப் ரிப்பேரா?" என்று போன் செய்யாதீர்கள். பம்ப் நன்றாக இருக்கிறது. அறைதான் கொதிக்கிறது.

இதைக் கேட்டவுடன் சிலருக்கு ஐஸ் போடும் யோசனை வருகிறது. தயவுசெய்து வேண்டாம். கடலோர ஊர்களில் கோடையில் ஒரு பொருள் 25 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே அதன்மேல் காற்றின் ஈரம் படிய ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதைப் போல உங்கள் மதர்போர்டு வியர்க்கும்.

சரி, சூடு போய்ச் சேரும் இடம் ரேடியேட்டர்தான் என்றால் திட்டமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் பளபளக்கும் பிளாக்கையும் கலர் லைட்டையும் முதலில் வாங்கிவிட்டு, ரேடியேட்டர் எங்கே வைப்பது என்று கடைசியில் கேட்கிறார்கள். நான் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, 120 மி.மீ. ஃபேன் ஒன்றுக்கு 100 வாட். பிராசஸர் 150, கிராபிக்ஸ் கார்டு 300 என்றால் மொத்தம் 450. மூன்று ஃபேன் உட்காரும் 360 ஒன்று, இரண்டு ஃபேன் உட்காரும் 240 ஒன்று என இரண்டு ரேடியேட்டர் வேண்டும். அவை உங்கள் கேபினெட்டில் உட்காருமா? டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். ரேடியேட்டர் தடிமன் 27 முதல் 30 மி.மீ., அதன்மேல் ஃபேன் 25. ஆக மேல்கூரையிலிருந்து 55 மி.மீ. காலியாக வேண்டும். அங்கேதான் ரேம் முட்டும். எத்தனை பேர் இதில் மாட்டிக்கொண்டு கேபினெட்டையே மாற்றியிருக்கிறார்கள்!

கிராபிக்ஸ் கார்டுக்குப் பிளாக் வாங்கும்போது சிப்பின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே சிப்பை வைத்து ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகப் போர்டு செய்கிறது. உங்கள் கார்டின் முழு மாடல் எண்ணுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். கூலரைக் கழற்றினால் வாரண்டி நிற்குமா என்பதையும் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

65 வாட் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நல்ல ஏர் கூலர் ஒன்று போதும். நான் வியாபாரம் செய்கிறவன்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

"தண்ணி முதல்ல பிராசஸருக்குப் போகணுமா, கார்டுக்குப் போகணுமா?" என்று மணிக்கணக்கில் குழம்புகிறவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீர், 300 வாட் கார்டைக் கடந்து வரும்போது ஏறும் சூடு ஒரு டிகிரி சொச்சம். குழாய் எங்கே மடங்காமல் போகிறதோ அந்த வழியே விடுங்கள். ஒன்று மட்டும் மாறக் கூடாது. ரிசர்வாயர், அதாவது தண்ணீர்த் தொட்டி, பம்புக்கு மேலே இருக்க வேண்டும். உலர்ந்து ஓடும் பம்ப் சீக்கிரமே தேய்ந்து போகும்.

அந்தப் பையனுக்கு வந்த அரிப்பு உங்களுக்கு வராமல் இருக்க, உலோகம் கலக்காதீர்கள். செம்பு என்றால் எல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு. மலிவான ரேடியேட்டர் என்றால் அலுமினியமா என்று விற்பவரைக் கேளுங்கள், பதில் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். ஆர்.ஓ. தண்ணீர், மினரல் வாட்டர், போர் தண்ணீர் எதுவும் உள்ளே போகக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் உப்பு இல்லாவிட்டாலும் அரிப்பையும் பாசியையும் தடுக்க அதில் ஒன்றும் கிடையாது. கம்ப்யூட்டருக்கென்று வரும் கூலன்ட்டை வாங்குங்கள். "கரண்ட் கடத்தாது" என்று பாட்டிலில் போட்டிருப்பதை நம்பிக் கசிவைச் சும்மா விடாதீர்கள், உலோகத்தோடு சுற்றச் சுற்ற அது கடத்த ஆரம்பித்துவிடும். பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பல கூலன்ட்டுகளில் எத்திலீன் கிளைகால் இருக்கிறது. அது இனிக்கும் விஷம்.

குழாயை இணைக்கும் ஃபிட்டிங்கை ஸ்பானர் போட்டு முறுக்க வேண்டாம். அதிலுள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) சீல் ஆவதற்குக் கை இறுக்கமே போதும், அதற்கு மேல் போனால் பிளாக்கின் அக்ரிலிக் விரிசல் விட்டுவிடும். அக்ரிலிக்கை ஸ்பிரிட்டால் துடைத்தாலும் அதே கதிதான்.

தண்ணீர் ஊற்றியவுடன் மெஷினை ஆன் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் (பவர் சப்ளையின்) 24 பின் வயரை மதர்போர்டிலிருந்து எடுத்துவிட்டு, மதர்போர்டு இல்லாமலே அதை ஓட வைக்கும் ஜம்பர் பிளக் ஒன்றை அதில் சொருகுங்கள். கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் வயர்களும் கழன்றே இருக்கட்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து 24 மணி நேரம் ஓட விடுங்கள். பேப்பரில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் சரி செய்துவிட்டு மறுபடி 24 மணி நேரம். ஒரு நாள் பொறுக்க முடியாதா தம்பி?

இன்னொன்றையும் முதல் முறை செய்கிற எல்லாரும் மறக்கிறார்கள். தண்ணீரை வெளியே எடுப்பது எப்படி? வருடத்துக்கு ஒரு முறையாவது கூலன்ட்டை மாற்ற வேண்டும். தண்ணீர் சுற்றும் பாதையில் ஆகத் தாழ்ந்த இடத்தில் 'T' வடிவ ஃபிட்டிங் ஒன்றும் ஒரு வால்வும் வையுங்கள். அந்தப் பையனின் மெஷினில் அது இல்லை. கேபினெட்டைச் சாய்த்தால் மிச்சத் தண்ணீர் எஸ்.எம்.பி.எஸ்ஸில் இறங்கும். அப்பா டார்ச் பிடிக்க, பையன் கீழே பக்கெட்டை ஏந்திக்கொண்டு நிற்க, குழாயைக் கத்தரித்துத்தான் எடுத்தோம்.