மாஸ்ட்டின் எடையைத் தாங்க வேண்டியது ரொட்டேட்டரா, பேரிங்கா?

சென்னையில் அமெச்சூர் வானொலியாளர்களின் மாடி டவர்களைப் பராமரிக்கும்போது ஒரே தவறைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டருக்குப் பாரம் ஏறிவிடக் கூடாது என்ற அக்கறையில், டவர் உச்சியில் மாஸ்ட் நுழைந்து செல்லும் வளையமான த்ரஸ்ட் பேரிங்கின் மூன்று போல்ட்டுகளையும் இறுக்கி, ஆன்டெனாவைச் சுமக்கும் குழாயான மாஸ்ட்டையும் ஆன்டெனாவையும் அதிலேயே தொங்கவிட்டுவிடுகிறார்கள்.

அக்கறை நியாயமானதுதான் என்றாலும், அது தவறான இடத்தில் காட்டப்படுகிறது. ரொட்டேட்டருக்குள் இருக்கும் குண்டுகள், மேலிருந்து எடை அழுத்தும்போதுதான் தம் தடத்தில் சீராக அமர்ந்து உருளும். நடுத்தர அளவிலான யாகி வகை ஆன்டெனாவும் மாஸ்ட்டும் சேர்ந்த எடையைத் தாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அதை உடைப்பது பக்கவாட்டில் வரும் காற்று.

சென்னைக்கு, கட்டடங்களின் மீதான பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 குறிப்பிடும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில், உயரம், வடிவம் போன்றவற்றுக்கான குணகங்களைச் சேர்க்கும் முன்பே, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். ரொட்டேட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பேரிங்கும், அதற்கு மேல் அரை மீட்டரில் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனாவும் இருந்தால், பேரிங் ஏறத்தாழ 200 கிலோ பக்க விசையை வாங்கிக்கொள்கிறது. ரொட்டேட்டருக்கு வருவது 50 கிலோதான். பேரிங் இல்லாவிட்டால் காற்று மாஸ்ட்டை வளைக்கும் விசை முழுவதும் ரொட்டேட்டரின் தலையில்தான் இறங்கும். ஹாம் 4 என்ற மாடல் ரொட்டேட்டரை டவருக்குள் பொருத்தினால் 15 சதுர அடியும், வெளியே மாஸ்ட்டின் மேல் பொருத்தினால் 7.5 சதுர அடியும் மட்டுமே ஆன்டெனாவின் காற்றுப் பரப்பாகத் தயாரிப்பாளர் அனுமதிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே எடை ரொட்டேட்டரில் நிற்கட்டும். பேரிங் மாஸ்ட்டைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். மூன்று போல்ட்டுகளில் ஒன்று கூடுதலாக இறுகினாலே மாஸ்ட் மையம் விலகிவிடும். ரொட்டேட்டரின் அச்சும் பேரிங்கின் அச்சும் வெவ்வேறாகிவிட்டால், ஆன்டெனா ஒரு திசையில் எளிதாகத் திரும்பி, மறு திசையில் முக்கி நிற்கும். அப்படிப்பட்ட டவர்களில், பேரிங்குக்குச் சற்றுக் கீழே, மாஸ்ட்டின் துத்தநாகப் பூச்சு ஒரு பக்கம் மட்டும் உரசி, பளபளவென்று தெரிவதைப் பார்த்திருக்கிறேன். பழுது மோட்டாரில் என்று எண்ணிப் புதிய ரொட்டேட்டர் வாங்குபவர்களும் உண்டு, அதுவும் விரைவிலேயே அதே கதிக்கு ஆளாகும்.

சரிபார்க்க, காற்றில்லாத காலையில் ரொட்டேட்டர் கிளாம்ப்பைத் தளர்த்தி, மாஸ்ட்டைக் கையால் முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது. பிடித்தால், பேரிங்கை அல்ல, ரொட்டேட்டர் தட்டை நகர்த்தி மையத்தைச் சரிசெய்து, பிறகு கிளாம்ப்பை இறுக்குங்கள்.

ரொட்டேட்டரைக் கழற்ற வேண்டியிருந்தால் மட்டும் அந்த போல்ட்டுகளை இறுக்கலாம். அப்போதும் அவற்றை மட்டுமே நம்பாமல், பேரிங்குக்கு மேலே மாஸ்ட்டில் ஒரு யூ போல்ட் கிளாம்ப் போட்டு, எடையை அதன் மேல் நிறுத்திய பிறகே கீழே கை வையுங்கள். பல அடுக்கு யாகி போல, ரொட்டேட்டரின் செங்குத்துப் பார வரம்பையே மீறும் அமைப்பு என்றால், அந்த எடையைத் தாங்கவென்றே செய்த பேரிங்கைத் தனித் தட்டில் பொருத்த வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று பேரிங்கின் குண்டுகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது.